கான்டன் கண்காட்சிக்குப் போகிறேன், போனில் நெட்டுக்கு என்ன வழி?

உக்கடத்துக்காரன்:
வணக்கம். கோவையில் பூட்டு, கீல், டிராயர் சேனல் வியாபாரம். வரும் அக்டோபரில் குவாங்சோ கான்டன் கண்காட்சிக்குப் போகிறேன், சீனாவுக்கு இதுதான் முதல் தடவை. அங்கே வாட்ஸ்அப், ஜிமெயில் எதுவும் ஓடாது என்கிறார்கள். எனக்கோ ஸ்டாலில் பார்க்கிற சாம்பிளை உடனே போட்டோ எடுத்து கடையில் இருக்கிற தம்பிக்கு அனுப்பி, விலை பேசியாக வேண்டும். பேங்க் ஓடிபியும் வர வேண்டும். நம்ம சிம்மில் ரோமிங் போடுவதா, அங்கே இறங்கி சிம் வாங்குவதா, கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றிக்கொள்கிற இ-சிம்மா? டிராவல்ஸ்காரர் "தடையைத் தாண்ட விபிஎன் ஆப் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், போதும்" என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ராஜவீதி:
தம்பி, டிராவல்ஸ்காரர் சொன்னதை முதலில் மறந்துவிடுங்கள். அனுமதி இல்லாத விபிஎன் அங்கே சட்டத்துக்கு விரோதம். அது போக, நேற்று ஓடியது இன்றைக்கு ஓடும் என்று சொல்ல முடியாது. ஸ்டால்காரர் எதிரில் நின்றுகொண்டு அது கனெக்ட் ஆகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

விஷயம் இவ்வளவுதான். சீன சிம்மோ ஓட்டல் வைஃபையோ, உள்ளூர் இணைப்பு எதுவாக இருந்தாலும் அந்த ஊர்த் தடைச்சுவருக்கு உள்ளேதான் இருக்கும். கூகிள், வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் அதில் கிடையாது. ரோமிங் கதை வேறு. போன் சீன டவரைத்தான் பிடிக்கும், ஆனால் டேட்டா அங்கேயே இன்டர்நெட்டில் கலக்காமல், குழாய் போட்டது மாதிரி சிம் கொடுத்த கம்பெனியின் நாட்டுக்குப் போய் அங்கிருந்துதான் வெளியே வரும். அதனால் நம்ம சிம்மில் ரோமிங் போட்டால் குவாங்சோவில் நின்றுகொண்டே வாட்ஸ்அப்பும் ஜிமெயிலும் பார்க்கலாம். வெளிநாட்டுக்காரர்களுக்கென்று விற்கிற இ-சிம்களும் பெரும்பாலும் ஹாங்காங், சிங்கப்பூர் கம்பெனிகளின் ரோமிங்தான். நான் டேட்டாவுக்கு அதைத்தான் வாங்குவேன், நம்ம ஊர் பேக்கைவிட எனக்கு மலிவாக முடிகிறது.

நம்ம சிம்மைக் கழற்றவே வேண்டாம், ஓடிபிக்கு அது வேண்டும். ப்ரீபெய்டாக இருந்தால் சின்ன ரோமிங் பேக் ஒன்றைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள், இல்லையென்றால் அங்கே சிக்னலே பிடிக்காமல் போகலாம். அதில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, இ-சிம்மில் மட்டும் போடுங்கள். இ-சிம்மும் ரோமிங்தான் என்பதால் அதில் டேட்டா ரோமிங் ஆன் ஆகாமல் நெட் வராது. பலர் இதில்தான் குழம்பிப்போய் "சிம் கெட்டுவிட்டது" என்று ஆரம்பிக்கிறார்கள். சிக்னல் குறைந்தால் மற்ற சிம்முக்குத் தானாகத் தாவுகிற வசதியையும் நிறுத்துங்கள். வாட்ஸ்அப் "நம்பரை மாற்றவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, இதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஓட்டலுக்குப் போனதும் போன் வைஃபையில் சேர்ந்துவிடும், அந்த நிமிஷமே வாட்ஸ்அப் நின்றுவிடும். வைஃபையை அணையுங்கள், ரோமிங்கில் திரும்ப வந்துவிடும்.

ஸ்டாலில் எல்லோரும் வீசாட் (சீனர்களின் வாட்ஸ்அப் மாதிரி) க்யூஆரை நீட்டுவார்கள். நம்ம அரசு 2020 ஜூனில் தடை செய்த 59 ஆப்களில் அதுவும் ஒன்று. சுற்றுவழியில் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஏற்றுமதி பார்க்கிற சீனர்கள் பலரிடமும் வாட்ஸ்அப் இருக்கும். விசிட்டிங் கார்டும் ஈமெயிலும் போதும், என் கொள்முதல் எதுவும் இதனால் நின்றதில்லை.

பணத்துக்கு அலிபே என்கிற சீன ஆப். நம்ம யூபிஐயை அங்கே நம்பாதீர்கள். பேங்க் ஆப்பில் கார்டுக்கு வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து, பாஸ்போர்ட் விவரம் கொடுத்து, இங்கே கோவையில் இருக்கும்போதே கார்டை இணைத்துவிடுங்கள். 200 யுவானுக்கு மேல் போகிற பில்லுக்கு வெளிநாட்டுக் கார்டென்றால் 3 சதவீதம் பிடிப்பார்கள். டீக்கடை, மெட்ரோ, டாக்சி எல்லாவற்றுக்கும் அது ஒன்று போதும்.

சென்ஜென்வாசி:
ராஜவீதி அண்ணன் சொன்னதோடு இரண்டு விஷயம். கூகிள் மேப்ஸ் திறந்தாலும் நம்பாதீர்கள். சீன வரைபடங்கள் இடத்தைக் குறிக்க வேறொரு கணக்கில் போடப்பட்டவை, அதனால் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி விழும். ஐபோனென்றால் ஆப்பிள் மேப்ஸ், இல்லையென்றால் அமேப் என்கிற சீன வரைபட ஆப். ஓட்டல் விலாசத்தைச் சீன எழுத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், டாக்சிக்காரருக்கு அதைக் காட்டினால் போதும். கண்காட்சி நடக்கிற இடம் பாஜோ, மெட்ரோ 8ஆம் லைன்.

அப்புறம், குவாங்சோ முடித்து மொத்தச் சந்தை இருக்கிற யிவூ ஊருக்கு உள்நாட்டு விமானத்தில் போகிற யோசனை இருந்தால் பவர் பேங்கைப் பாருங்கள். 3சி என்கிற சீனப் பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாததை 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில் விடுவதில்லை. நம்ம ஊரில் வாங்கியதில் அந்த முத்திரை அநேகமாக இருக்காது. அங்கே போய் முத்திரை போட்டதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

உக்கடத்துக்காரன்:
ரொம்ப நன்றிங்கண்ணா. என் போனில் இ-சிம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? இரண்டு வருஷத்துக்கு முந்தைய மாடல், விலை குறைந்ததுதான்.

ராஜவீதி:
*#06# அழுத்துங்கள். ஐஎம்இஐ நம்பர்களோடு ஈஐடி (இ-சிம்மின் அடையாள எண்) என்று ஒரு நீள நம்பர் வந்தால் இருக்கிறது. வரவில்லையென்றால் கவலை இல்லை, சீனாவுக்கென்றே ஹாங்காங் கம்பெனிகளின் ரோமிங் சிம் கார்டாகவே கிடைக்கிறது. இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்கள். வாங்கும்போது "சீன மெயின்லேண்டில் ரோமிங்கா" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், ஹாங்காங்குக்குள் மட்டும் ஓடுகிறதும் விற்கிறார்கள். இ-சிம் இருந்தால் வீட்டு வைஃபையிலேயே ஏற்றிவிடுங்கள், ஏற்றுவதற்கும் நெட் வேண்டும். இ-சிம் ஏற்ற வருகிற க்யூஆர் இன்னொரு திரையில் இருந்தால் ஸ்கேன் பண்ணுவது சுலபம், தம்பி போனுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

உக்கடத்துக்காரன்:
அழுத்திப் பார்த்தேன், ஈஐடி வரவில்லை. சிம் கார்டே வாங்கிக்கொள்கிறேன். ஒரே ஒரு சந்தேகம்: கஸ்டமர் யாராவது நம்ம நம்பருக்குக் கூப்பிட்டால்?

ராஜவீதி:
பேக்கில் இன்கமிங் நிமிஷம் இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் எடுக்காமல் விட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் திருப்பிக் கூப்பிடுங்கள். சீன நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். கடை மூடுகிற நேரத்தில் இங்கிருந்து கூப்பிட்டால் உங்களுக்கு நடுராத்திரி நெருங்கியிருக்கும், அதையும் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவையுங்கள்.