ஜப்பானில் 1981க்கு முன், 1981க்குப் பின்: ஏன் இந்தக் கோடு?

கேள்வி: ஜப்பானிய நிலநடுக்கங்களைப் பற்றிப் படித்தால், கட்டடம் 1981க்கு முந்தையதா பிந்தையதா என்ற பேச்சு வந்துவிடுகிறது. அந்த ஆண்டில் அப்படி என்ன நடந்தது?

பதில் 1: 1978 மியாகி நிலநடுக்கத்துக்குப் பின் கட்டட விதி மாறியது, 1981 ஜூன் 1 முதல் அமல். பழைய விதிக்கு ஷிண்டோ 5 அளவு அதிர்வைத் தாங்கினால் போதும். (ஷிண்டோ என்பது ஓரிடத்தில் உணரும் ஆட்டத்தின் அளவு, ரிக்டர் எண்ணோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.) புதியதோ, ஷிண்டோ 6க்கு மேல் ஆடினாலும் கட்டடம் விரிசல் விடலாம், உள்ளே இருப்பவர்கள் மேல் இடிந்து விழக்கூடாது என்கிறது. கட்டி முடித்த தேதியை நம்ப வேண்டாம். கட்டட அனுமதி எப்போது கிடைத்தது என்று பாருங்கள். 1982இல் முடிந்த வீடும் பழைய விதிப்படி இருக்கலாம்.

பதில் 2: மர வீடு என்றால் 1981 மட்டும் போதாது. 1995 கோபே நிலநடுக்கத்தில் 6,434 பேர் இறந்தார்கள். அதிகாலை 5.46, மேலே கனத்த ஓட்டுக் கூரை, கீழே போதிய சுவர் இல்லை, தரைத்தளம் அப்படியே நசுங்கியது. தூண்கள் அடிக்கட்டையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்ததால், 2000இல் தூண் அடியில் உலோகப் பிடிப்புகளும் நாலு பக்கமும் சமமாகச் சுவரும் கட்டாயமாயின. 2016 குமமோட்டோ நிலநடுக்கத்தில் மஷிகி ஊர் 28 மணி நேரத்துக்குள் இரண்டு முறை ஷிண்டோ 7இல் குலுங்கியது. முதல் அடியில் தளர்ந்த வீடுகள் இரண்டாவதில் விழுந்தன.

பதில் 3: தீயை மறக்காதீர்கள். டோக்கியோவைத் தாக்கிய காண்டோ நிலநடுக்கம்: 1923 செப்டம்பர் 1, காலை 11.58, அடுப்பு எரியும் நேரம். இறந்த சுமார் 1,05,000 பேரில் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்புதான். இன்று ஜப்பானில் எரிவாயு மீட்டர் ஷிண்டோ 5 அளவில் தானே அடைத்துக்கொள்கிறது.