ஆயுத பூஜைக்கு இன்ஜின் கழுவிய பிறகு ஸ்டார்ட் ஆகாமல் நின்ற மாருதி 800

போன ஆயுத பூஜைக்கு முதல் நாள் நடந்தது இது. பழைய கார்பரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த வருடமும் வாட்டர் சர்வீஸுக்கு விடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே போகும்.

வண்டி 1996 மாடல் மாருதி 800, அப்பா வாங்கியது. மூன்று சிலிண்டர், 796 சிசி. வால்வ் கவரில் ஆயில் கசிந்து அதில் புழுதி படிந்து, பூஜைக்குச் சந்தனம் வைக்க ஒரு சுத்தமான இடம் இல்லை என்று அம்மா சொன்னார். சரி என்று வாட்டர் சர்வீஸில் "இன்ஜினையும் சேர்த்து அடிச்சிடுங்க" என்றேன். டீசல் தெளித்து, பிரஷ் போட்டு, பிரஷர் கன்னில் சந்து பொந்தெல்லாம் அடித்தார்கள். ஓடி வந்த சூட்டோடு இருந்த இன்ஜின், ஆவி பறந்தது.

சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாக எடுக்கிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவே இல்லை. பெட்ரோல் கலவையைக் கெட்டியாக்கும் சோக்கை இழுத்துப் பார்த்தேன். நாலு பேர் தள்ளி இரண்டாவது கியரில் விட்டுப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. அங்கிருந்த ஒருவர் காயில் (பிளக்குக்கு உயர் வோல்ட் கரண்ட் கொடுப்பது) போய்விட்டது என்றார், இன்னொருவர் பெட்ரோல் பம்ப் என்றார். காயில் வாங்கக் கடைக்குக் கிளம்பியே விட்டேன், அதற்குள் அப்பாவிடமிருந்து போன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "கழுவறதுக்கு முன்னாடி ஓடிச்சா?" ஓடியது என்றேன். "அப்போ ஒரு சாமானும் வாங்காதே. எங்கேயோ தண்ணி நிக்குது. காயில்ல ஆரம்பிச்சு பிளக் வரைக்கும் கரண்ட் போற வழியிலேயே போய்ப் பாரு."

அப்படியே செய்தேன். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு (கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துப் பிரித்து அனுப்புவது) வரும் நடு வயரை அதன் மூடியான கேப்பிலிருந்து உருவி, டிக்கியில் கிடந்த பழைய பிளக்கை அதில் மாட்டி, பிளக்கின் உடம்பு இன்ஜின் இரும்பில் நன்றாகப் படும்படி வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த பையனைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். இதைக் கையால் பிடிக்கவே பிடிக்காதீர்கள், பல ஆயிரம் வோல்ட் வருகிற இடம். கார்பரேட்டர் பக்கத்திலும் வேண்டாம், பெட்ரோல் ஆவி இருக்கும். நீலமாகப் பொறி அடித்தது. அப்புறம் அதே பழைய பிளக்கை மூன்று பிளக் வயரிலும் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தால் ஒன்றில் கூடக் கரண்ட் இல்லை. காயில் கொடுப்பது பிளக்குக்கு வந்து சேரவில்லை என்றால் நடுவில் இருப்பது கேப்பும் அதற்குள் சுற்றும் ரோட்டரும்தான்.

கேப்பைக் கழற்றினேன். இட்லிப் பானை மூடியைத் திருப்பினால் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்குமே, அதே மாதிரி நின்றது. அவ்வளவு ஈரத்தில் கரண்ட் பிளக்கைத் தேடிப் போகாது, ஈரத்தின் மேலேயே ஓடி எர்த் ஆகிவிடும். நல்ல வேட்டித் துணியால் கேப்பையும் ரோட்டரையும் துடைத்து அரை மணி நேரம் வெயிலில் வைத்தேன். கழற்றும் முன் வயர்களுக்கு நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இன்ஜினுக்கு ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களுக்குப் பொறி போகும் வரிசை) 1-3-2, மாற்றி மாட்டினால் கார்பரேட்டர் வழியாக வெடிக்கும், புதிதாக ஒரு கோளாறைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

மாட்டிய பிறகும் உடனே பிடிக்கவில்லை. சோக்கை இழுத்து இழுத்து அடித்ததில் பிளக் மூன்றும் பெட்ரோலில் நனைந்திருந்தன. கழற்றித் துடைத்துக் காயவைத்து மாட்டி, சோக் இல்லாமல் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்ததும் பிடித்துக்கொண்டது. செல்ஃபை ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்காமல் இடைவெளி விட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் பேட்டரியும் இறங்கிவிடும். ஆனால் ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ் அடித்தது. நடு பிளக் வயரின் ரப்பர் மூடிக்குள் இரண்டு சொட்டுத் தண்ணீர். அதையும் துடைத்த பிறகுதான் சீராக ஓடியது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஐப்பசி மழை ஆரம்பித்ததும் காலையில் மறுபடி அதே கதை. கேப்பைத் துடைத்தால் ஓடும், அடுத்த மழைக்கு நிற்கும். மூன்றாவது தடவை ராத்திரி, போர்டிகோ லைட்டை அணைத்துவிட்டு பானட்டைத் திறந்து வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பார்த்தேன். நடு வயர் நுழையும் இடத்திலிருந்து கேப்பின் மேலேயே நீலமாக ஒரு நூல் ஓடிக் கீழே இரும்பில் இறங்கியது. மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தால் அந்த இடத்தில் மயிரிழை விரிசல், உள்பக்கம் பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு கருப்புக் கோடு. ஒரு தடவை கரண்ட் ஓடிக் கருகிய கோடு, அப்புறம் அந்தக் கரிதான் கரண்டுக்குப் பாதை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சில நாள் தாங்கும், அவ்வளவுதான். கேப், ரோட்டர், பிளக் வயர் செட் மூன்றையும் மாற்றினேன். அதற்குப் பிறகு எந்த மழையிலும் நிற்கவில்லை. வாட்டர் சர்வீஸ்காரர் மேல் எனக்கு இருந்த கோபமும் போய்விட்டது, விரிசல் அதற்கு முன்பே இருந்திருக்கிறது.

*

அண்ணா, எங்கள் வீட்டு அம்பாசிடருக்கும் இதே கதைதான், 88 மாடல் பெட்ரோல். எங்களுடையது பாயின்ட் (திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் என்பதால் கேப்பைத் துடைத்தும் கரண்ட் வரவில்லை, காயில் வயரிலேயே இல்லை. பாயின்ட்டுக்கு நடுவில் ஈரமும் அழுக்கும் சேர்ந்திருந்தது. கனமான வெள்ளைத் தாளை ஒரு துண்டு கிழித்து பாயின்ட் நடுவில் விட்டு இரண்டு இழு இழுத்தார் எங்கள் மெக்கானிக், தாள் கருப்பாக வந்தது. பிறகு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து பாயின்ட் இடைவெளி 0.4 மி.மீ. இருக்கிறதா என்று பார்த்தார். அடுத்த செல்ஃபில் ஸ்டார்ட்.

*

என்னுடையது 1999 ஹோண்டா சிட்டி. இதில் பிளக் நான்கும் வால்வ் கவர் நடுவில் ஆழமான குழிக்குள் இருக்கும். இன்ஜின் கழுவிய பிறகு வயரை உருவிய போது ரப்பரோடு சேர்ந்து தண்ணீர் சொட்டியது, ஒரு குழியில் பாதி வரை தண்ணீர். தயவுசெய்து அந்த நேரத்தில் பிளக்கைக் கழற்றாதீர்கள், அத்தனை தண்ணீரும் மண்ணோடு சிலிண்டருக்குள் இறங்கிவிடும். பஞ்சர் கடையில் காற்றுக் குழாயை வைத்து ஊதி எடுத்தோம், முகத்தில் தெறிக்கும், கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு குழியில் தண்ணீரோடு ஆயிலும் இருந்தது, அது கழுவியதால் வந்ததல்ல, குழியைச் சுற்றியுள்ள சீல் போயிருந்தது.

*

செல்ஃபே எடுக்காமல் டிக் என்று மட்டும் சத்தம் வந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போகவே வேண்டாம். எனக்கு அப்படித்தான், பேட்டரி டெர்மினலில் பச்சை பூத்திருந்தது. சுரண்டி இறுக்கியதும் சரியானது.

*

முதலில் எழுதியவன்தான். கேப்பைக் காயவைக்க ஹேர் டிரையர் போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாக, குறைந்த சூட்டில், கேப்பைக் கையில் கழற்றி வைத்துக்கொண்டு. டபிள்யூடி-40 ஸ்பிரே அடிக்கலாமா என்றும் கேட்டார். அந்தப் பெயரில் உள்ள டபிள்யூடி என்பதே தண்ணீரை விலக்குவது என்பதன் சுருக்கம்தான். அவசரத்துக்கு வயர் மேல் அடிக்கலாம், ஆனால் கேப்புக்குள் அடித்தால் துணியால் துடைத்து எடுத்துவிட்டு, ஆவி போன பிறகே செல்ஃப் அடியுங்கள், உள்ளே பொறி அடிக்கிற இடம் அது.

இந்த வருடம் இன்ஜினை நானே துடைக்கப் போகிறேன், ஆறிய பிறகு மண்ணெண்ணெய் நனைத்த துணியால், தண்ணீர் இல்லாமல். விரிசல் விட்ட பழைய கேப்பை எறியாமல் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு பழைய மாருதி ஜென் வாங்கியிருக்கிறான், அவனுக்கு அந்தக் கோட்டைக் காட்ட வேண்டும்.