பதில்: ‘பேட்ச் கியூ’ – ஒட்டு வரிசையா, ஒட்டடுக்கா?

அன்பின் நண்பர்களுக்கு,

இரண்டு நாள் மின்சாரமும் வேலையும் இழுத்தடித்ததில் பதில் பிந்திவிட்டது. ‘பேட்ச் கியூ’ என்பது, ஒரு மென்பொருளில் நாம் செய்யும் மாற்றங்களைத் தனித்தனிப் ‘பேட்ச்’களாக ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கும் முறை. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு வந்த யோசனைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

> ‘பேட்ச்’ என்றே விட்டுவிடலாமே, எல்லாருக்கும் புரிகிறது.

புரியவில்லை என்பதுதான் என் அனுபவம். போன கிழமை திருகோணமலை உப்புவெளியில் நாலைந்து பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது, ஒரு பிள்ளை ‘பேட்ச்’ என்பதைப் பல வேலைகளைக் கட்டாகச் சேர்த்து ஓடவிடுகிற அந்த மற்ற ‘பேட்ச்’ என்று விளங்கி, இரண்டு பக்கம் குறிப்பும் எழுதியிருந்தது. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. பிள்ளையில் என்ன பிழை?

‘ஒட்டு’ போதும். காற்சட்டை கிழிந்தால் போடுவதும் அதுதான். 1985இல் லாரி வால் என்ற நிரலாளர் எழுதிய ‘பேட்ச்’ கட்டளை செய்வதும் அதுதான்: முழுக் கோப்பையும் தூக்கி மாற்றாமல், மாறிய வரிகளை மட்டும், அக்கம்பக்கத்து வரிகளை அடையாளம் வைத்துப் பொருத்துகிறது.

> மீனவர்கள் வலைக்குச் சொல்லும் ‘பொத்துதல்’ நல்ல சொல்.

கடற்கரையில் வலை பொத்துவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘பொத்தல்’ என்றால் ஓட்டை. ‘புதிய பாதுகாப்புப் பொத்து வெளியாகியுள்ளது’ என்று அறிவித்தால் பாதிப் பேர் பயந்துவிடுவார்கள்.

> ‘ஒட்டு வரிசை’ நேரடியாக இருக்கிறதே?

முதலில், ஓரெழுத்து நீண்டால் அது ‘ஓட்டு வரிசை’ ஆகி, தமிழ்நாட்டு நண்பர்கள் அடையாள அட்டையோடு வந்து நிற்பார்கள். அதை விடுங்கள். உண்மையான சிக்கல், அந்தப் பொருள் வரிசை மாதிரி நடப்பதில்லை. 2022இல் இலங்கையில் பெற்றோலுக்கு நின்ற நமக்கு வரிசை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் நின்றவர் முதலில் போகவேண்டும். இங்கே கடைசியாகப் போட்ட ஒட்டுத்தான் முதலில் கழரும்.

நான் ஒரு நூலக மென்பொருளுக்கு 7 ஒட்டுகள் வைத்திருக்கிறேன். மூன்றாவது, தமிழ்ப் பெயர்களை அகரவரிசைப்படுத்துவது. முன்பு எல்லாவற்றையும் நேரே கமிட் செய்து, அதாவது மென்பொருளின் நிரலிலேயே நிலையாகப் பதிந்து வைத்திருந்தேன். மூலத்தில் புதிய பதிப்பு வந்ததும், எது என் மாற்றம், எது அதை எழுதியவர்களுடையது என்று பிரித்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. இப்போது ஒட்டுகளாகத் தனித்தனியே இருக்கின்றன. மூன்றாவதில் பிழை தெரிந்தால், ஏழு, ஆறு, ஐந்து, நான்கு என்று மேலிருந்து கழற்றுகிறேன். மூன்றாவதைத் திருத்துகிறேன். பிறகு நான்கிலிருந்து திரும்பப் போடுகிறேன். ஐந்தாவது சிலவேளை முரண்டு பிடிக்கும், ஏனென்றால் அது தொடும் வரியை மூன்றாவது இப்போது மாற்றிவிட்டது. பொருந்தாத துண்டைத் தனிக் கோப்பில் துப்பிவைக்கும். பார்த்துக் கையால் சேர்க்கவேண்டும்.

வீட்டில் இடியப்பம் அவிக்கும்போது இதே வேலையைத்தான் அம்மா செய்கிறார். நடுத்தட்டு வேகவில்லை என்றால் மேல்தட்டுகளை எடுத்துவைத்துவிட்டுத்தான் அதில் கைவைக்கலாம். அதனால் என் வாக்கு ‘ஒட்டடுக்கு’க்கு. (‘ஒட்டடை’ மாதிரிக் கேட்கிறது என்று தம்பி சிரிக்கிறான். சிரிக்கட்டும்.)

ஆங்கிலத்திலேயே இந்தக் குழப்பம் உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவுக்காக (கெர்னல்) ஆண்ட்ரூ மோர்ட்டன் என்ற நிரலாளர் வைத்திருந்த ஸ்கிரிப்டுகளிலிருந்து, ஒட்டுகளை அடுக்கிவைக்கும் கருவியான குவில்ட் வந்தது. அதைப் பார்த்து கிரிஸ் மேசன், நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மெர்க்கூரியல் என்ற மென்பொருளுக்குச் செய்ததற்குக் ‘கியூ’ என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அதன் கட்டளைகள் ‘புஷ்’ (மேலே போடுவது), ‘பாப்’ (மேலிருந்து எடுப்பது), இரண்டுமே அடுக்கின் சொற்கள். மெர்க்கூரியல் மாதிரியான இன்னொரு மென்பொருளான கிட்டுக்கு வந்த எஸ்டிகிட், பெயரிலேயே ‘அடுக்கிய கிட்’ என்று சொல்லிக்கொண்டது. அவர்கள் வைத்த பிழைப் பெயரை நாமும் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

‘வரிசை’யை வீசிவிடவும் தேவையில்லை. எந்த ஒட்டுக்குப் பின் எது என்று எழுதிவைக்கும் ‘சீரீஸ்’ கோப்பு இருக்கிறதே, டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டின் பொதிகளில் பேட்ச் கோப்புறையிலும் இருப்பது, அதற்கு ‘ஒட்டு வரிசை’ கச்சிதம். போடப்பட்டிருப்பது அடுக்கு, எழுதிவைத்திருப்பது வரிசை.

‘புஷ்’, ‘பாப்’ போன்ற வினைச்சொற்கள்தான் தலையிடி. ‘ஏற்று, இறக்கு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். துறைமுக ஊர்க்காரனுக்கு இனிக்கத்தான் செய்கிறது, ஆனால் ஏற்றுமதி, இறக்குமதி, பதிவேற்றம், பதிவிறக்கம் என்று அந்த இரண்டும் ஏற்கெனவே களைத்துப்போன சொற்கள். மெர்க்கூரியலில் ஒட்டை இறக்குமதி செய்யவே தனிக் கட்டளை இருக்கிறது, மோதும். நாங்கள் வள்ளத்துக்கு எஞ்சின் ‘பூட்டுவோம்’, ‘கழற்றுவோம்’. கேட்டவுடன் விளங்கும். இந்திய நண்பர்களுக்கோ பூட்டு என்றால் சாவி போடுவது. கோப்பைப் பூட்டுவதும் வேறு இருக்கிறது. ஆகவே ‘மாட்டு’, ‘கழற்று’. இரண்டு கரையிலும் செல்லும்.

கையில் இருக்கும் மாற்றங்களை மேலுள்ள ஒட்டுக்குள் எடுத்துக்கொள்ளும் ‘ரிஃப்ரெஷ்’ இன்னும் இடிக்கிறது. ‘புதுப்பி’ என்றால் ‘அப்டேட்’ என்று நினைப்பார்கள். ‘உள்வாங்கு’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். கடல் உள்வாங்குவது நினைவுக்கு வருவதால் எனக்கே அது அவ்வளவு பிடிக்கவில்லை. வேறு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்றிரவு மொழிபெயர்ப்புக் கோப்பை அனுப்பவேண்டும்.