சென்னை–லண்டன்: போக ஆறரை மணி, வர பதினைந்தரை மணியா?

குரோம்பேட்டை பையன்: அவசரம். அம்மா தனியா லண்டன் போறாங்க. டிக்கெட்ல விடியற்காலை 5.30க்குக் கிளம்பி மதியம் 12க்கு இறங்கும்னு போட்டிருக்கு. ஆறரை மணி நேரம்தானே? வரும்போது மதியம் 1க்குக் கிளம்பி மறுநாள் காலை 4.30. பதினைந்தரை மணி! உண்மையில எவ்வளவு நேரம் பறக்கணும்? சீக்கிரம் சொல்லுங்க.

வேளச்சேரி ரகு: நேரடி விமானமா, துபாய் தோஹா வழியா? போறது வர்றது எந்த மாசம்?

வான்வெளி: பூமி சுத்தறதுதான் காரணம். மேற்கே போகும்போது லண்டன் நம்மளை நோக்கி வருது, அதான் சீக்கிரம் போயிடுது.

திரிசூலம்: இங்க எத்தனை தடவை பதில் சொன்ன கேள்வி இது. தேடிப் பார்க்கிற பழக்கமே யாருக்கும் இல்லை. டிக்கெட்ல இருக்கிறது அந்தந்த ஊர் நேரம். வித்தியாசம் நாலரை மணி. போகும்போது கூட்டுங்க, வரும்போது கழிங்க. ரெண்டும் 11. பள்ளிக்கூடக் கணக்கு.

வேளச்சேரி ரகு: தேதி தெரியாம எப்படி சார்? அக்டோபர் கடைசி ஞாயிறு அங்க கடிகாரத்தை ஒரு மணி பின்னால தள்ளிடுவாங்க. மார்ச் கடைசி ஞாயிறு வரைக்கும் வித்தியாசம் ஐந்தரை.

வான்வெளி: பூமி நம்ம ஊர்ப் பக்கம் மணிக்கு 1,600 கி.மீ.க்கு மேல சுத்துது. விமானமே 900தான். அது கணக்குல வராதா?

திரிசூலம்: வராது. காத்தும் பூமியோட சேர்ந்துதான் சுத்துது. நீங்க சொல்றது சரின்னா மேற்கே போறதுதான் சீக்கிரம் முடியணும். நிஜத்துல அதுதான் அதிக நேரம்.

வான்வெளி: அப்போ அது மட்டும் ஏன் அதிகம்?

வேளச்சேரி ரகு: ஜெட் ஸ்ட்ரீம். சுமார் பத்து கி.மீ. உயரத்துல மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிற காத்து. போகும்போது முகத்துல அடிக்கும், வரும்போது முதுகைத் தள்ளும். குளிர்காலத்துல இன்னும் பலம். நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 8,200 கி.மீ., ஆனா எந்த விமானமும் அப்படியே நேராப் போறதில்லை.

குரோம்பேட்டை பையன்: நேரடி விமானம்தான். போறது அக்டோபர் 10, வர்றது டிசம்பர். அம்மா இன்சுலின் போடறாங்க, அதுக்குத்தான் கேட்டேன்.

கோமதி அக்கா: இதை முதல்லயே சொல்ல வேண்டாமா தம்பி! இன்சுலினைக் கைப்பையில வைங்க. பெரிய பெட்டியில போட்டா சரக்கு அறைக் குளிர்ல உறைஞ்சு கெட்டுப்போகலாம். டாக்டர் சீட்டும் கூடவே இருக்கணும். விமானத்துல இருக்கிற வரைக்கும் அம்மா வாட்ச் சென்னை நேரத்துலயே ஓடட்டும். ஊசி நேரத்தை மட்டும் நீங்களா மாத்தாதீங்க, டாக்டர்கிட்ட எழுதி வாங்குங்க.

வேளச்சேரி ரகு: அப்போ போக ஆறரையும் நாலரையும் 11 மணி. வர பதினைந்தரையில ஐந்தரை போனா 10 மணி.

திரிசூலம்: தேதியைக் கேள்வியிலேயே போட்டிருந்தா இவ்வளவு பேச்சே தேவையில்லை.

வான்வெளி: காத்தும் கூடவே சுத்துதுன்னா ஜெட் ஸ்ட்ரீம் மட்டும் எப்படித் தனியா ஓடுது? அதுக்கு யாரும் பதில் சொல்லலையே.

குரோம்பேட்டை பையன்: 11, 10. குறிச்சுக்கிட்டேன். டாக்டரைப் பார்க்கக் கிளம்பிட்டோம். நன்றி அக்கா, ரகு.

கோமதி அக்கா: வீல்சேருக்குச் சொல்லி வச்சிட்டீங்களா தம்பி?