டைரக்ட் பே முறையில் பணம் அரைகுறையாக வருகிறது, கலெக்ட் அண்ட் பேக்கு மாறலாமா?

நிலாமுற்றம் கேட்டது:

வணக்கம். பிரிட்டனில் இருக்கிறேன். நானும் கணவரும் பிரிந்துவிட்டோம். எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், என்னோடுதான் இருக்கிறார்கள். அவர் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார், வரிக்கு முன் வாரம் 600 பவுண்டு சம்பளம். பிரிந்த பெற்றோர் தர வேண்டிய பிள்ளைப் பராமரிப்புப் பணத்தைக் கணக்கிடும் அரசு அமைப்பான சைல்ட் மெயின்டனன்ஸ் சர்வீஸ் (சி.எம்.எஸ்) கணக்குப் போட்டு, மாதம் சுமார் 357 பவுண்டு அவர் தர வேண்டும் என்று கடிதம் அனுப்பியது. டைரக்ட் பே முறை, அவரே என் வங்கிக் கணக்கில் போட வேண்டும்.

முதலில் ஒழுங்காக வந்தது. அப்புறம் ஒரு மாதம் 200, அடுத்த மாதம் 150, போன மாதம் ஒன்றுமே இல்லை. கேட்டால், "பிள்ளைகளுக்கு ஷூ வாங்கிக் கொடுத்தேனே, அதைக் கழித்துக்கொள்" என்கிறார். சி.எம்.எஸ்ஸே அவரிடம் வாங்கி எனக்கு அனுப்பும் கலெக்ட் அண்ட் பே முறைக்கு மாறினால் எனக்கு வரும் பணத்திலும் பிடித்துக்கொள்வார்களாமே? எனக்கு வரும் அரசு உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட்டும் குறைந்துவிடுமா? எல்லாவற்றுக்கும் மேலே, கோபத்தில் அவர் பிள்ளைகளைப் பார்க்க வருவதையே நிறுத்திவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

கடலோரம்:

யூனிவர்சல் கிரெடிட் குறையாது. பிள்ளைகளுக்கு வரும் பராமரிப்புப் பணத்தை அவர்கள் உங்கள் வருமானமாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் கவலையை விடுங்கள்.

கயல்:

தங்கச்சி, மாறுங்கள். நானும் இதே வழியில் வந்தவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

டைரக்ட் பேயில் சி.எம்.எஸ் தொகையைச் சொல்வதோடு சரி. பணம் வந்ததா, பாதிதான் வந்ததா என்று அங்கே யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். சொல்லும்போது கையில் வங்கி ஸ்டேட்மென்ட் இருக்கட்டும். நான் அதை அச்செடுத்து, அவர் போட்ட ஒவ்வொரு வரியிலும் மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டு, ஓரத்தில் வர வேண்டியது எவ்வளவு, விட்டுப்போனது எவ்வளவு என்று பேனாவால் எழுதி வைத்தேன். போனில் "எந்த மாதம், எவ்வளவு குறைவு?" என்று கேட்டபோது தாளைப் பார்த்து வாசித்தேன். தடுமாறவே இல்லை.

பிடித்தம் உண்மைதான். கொடுப்பவரிடம் 20 சதவீதம் கூடுதலாக வாங்குவார்கள், வாங்குபவரிடம் 4 சதவீதம் எடுப்பார்கள். உங்கள் 357க்கு அவர் சுமார் 428 கட்ட வேண்டியிருக்கும், உங்களுக்குச் சுமார் 343 வரும். பிள்ளைகள் பணத்தில் 14 பவுண்டு போகிறதே என்று எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் 150க்கும் வெறுங்கைக்கும் அது எவ்வளவோ மேல். மாதாமாதம் 71 பவுண்டு அதிகம் கட்ட வேண்டும் என்பது அவரையும் யோசிக்க வைக்கும்.

அவர் சம்பளத்துக்கு இருப்பவர் என்பது உங்களுக்கு நல்லது. அப்படியும் கட்டாவிட்டால் சி.எம்.எஸ் அவருடைய முதலாளிக்கே உத்தரவு அனுப்பி, சம்பளம் கைக்குப் போகும் முன்பே பிடித்துவிடும். நிகரச் சம்பளத்தில் 60 சதவீதமாவது அவருக்கு விட்டுவைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, அவரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. இந்த உத்தரவுக்கென்று அவரிடம் தனியாக 50 பவுண்டும் வாங்குவார்கள். வங்கிக் கணக்கிலிருந்து நேராக எடுக்கவும் வழி உண்டு. அதற்கு மேலே போனால் நீதிமன்றம்.

ஷூ விஷயத்துக்கு வருகிறேன். அப்பா பிள்ளைக்கு ஷூ வாங்கித் தருவது நல்லதுதான், ஆனால் அதை 357இல் கழிக்க முடியாது. வாடகையும் கரன்ட் பில்லும் கட்ட, வர வேண்டிய பணம்தான் வர வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். வாரம் 600க்கு, இரண்டு பிள்ளைகளுக்கு 16 சதவீதம் என்றால் 96 பவுண்டு. மாதக் கணக்கில் 416 வருகிறது. உங்களுக்கு 357 என்றால், ஏழில் ஒரு பங்கைக் கழித்திருக்கிறார்கள். வருடத்தில் 52 முதல் 103 இரவுகள் வரை பிள்ளைகள் அவரோடு தங்கினால்தான் அந்தக் கழிவு. உண்மையிலேயே அத்தனை இரவுகள் தங்குகிறார்களா?

படகோட்டி:

நான் பணம் கட்டும் அப்பா. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. சம்பளம் வரும் தேதிக்கு மறுநாள் வங்கியிலிருந்து பணம் தானாகவே போகும்படி ஸ்டாண்டிங் ஆர்டர் போட்டு வைத்திருக்கிறேன், சண்டைக்கே இடமில்லை. வேலையில் வருமானம் குறைந்துவிட்டது என்றால் அவராகவே தொகையைக் குறைக்கக் கூடாது, சி.எம்.எஸ்ஸிடம் சொல்ல வேண்டும். கணக்குக்கு எடுத்த வருமானத்துக்கும் இப்போதைய வருமானத்துக்கும் 25 சதவீதமாவது வித்தியாசம் இருந்தால் மாற்றிப் போடுவார்கள். அவருக்கு இது தெரியாமலும் இருக்கலாம், சொல்லிப் பாருங்கள்.

பிள்ளைகளைப் பார்ப்பதும் பணமும் வேறு வேறு. பணம் தரவில்லை என்று நீங்கள் பிள்ளைகளை மறைக்கவும் கூடாது, பார்க்க விடவில்லை என்று அவர் பணத்தை நிறுத்தவும் கூடாது. பாசமுள்ள அப்பா 71 பவுண்டுக்காகப் பிள்ளைகளை விட்டுவிட மாட்டார்.

நிலாமுற்றம்:

கயல் அக்கா, இந்தக் கழிவு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. ஒன்றுவிட்டு ஒரு வாரம் வெள்ளியும் சனியும் அவரிடம் தங்குவார்கள் என்றுதான் முதலில் பேசினோம். இப்போது மாதம் ஒரு தடவை, அதுவும் ஒரே ஓர் இரவுதான் தங்குகிறார்கள். இதையும் சொல்லலாமா? கேட்டால் ஆசைப்படுகிறேன் என்று நினைப்பார்களோ?

கயல்:

இதில் ஆசை எங்கே இருக்கிறது? அந்த இரவுகளில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் படுக்க வைப்பது நீங்கள்தானே! வருடத்துக்கு 52 இரவுக்குக் கீழே போனால் கழிவு கிடையாது, தொகை 416க்குப் போகும். இன்றே சொல்லுங்கள். பிள்ளைகள் அவரிடம் தங்கிய இரவுகளை ஒரு காலண்டரில் குறித்து வாருங்கள், அவரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள். அவர் வேறு மாதிரிச் சொன்னால் இவைதான் உங்களுக்குத் துணை.

முறையை மாற்றுவதையும் இரவுக் கணக்கையும் ஒரே நாளில் சொல்லிவிடுங்கள். ஆன்லைன் கணக்கிலேயே எழுதிப் போட்டால் என்றைக்குச் சொன்னீர்கள் என்பது பதிவில் இருக்கும். புதிய முடிவுக் கடிதம் வந்ததும் தேதியைப் பாருங்கள். அதில் தப்பு இருந்தால் மறுபரிசீலனை கேட்க 30 நாள்தான்.