பிரேக் பிடிச்சு வளைவுக்குள்ள இறங்கும்போது உடம்பு எங்க இருக்கணும்? அனுபவம் உள்ளவங்க எழுதுங்க

காளவாசல் ஆர்டிஆர்:
வணக்கம் மக்களே. பைக் ரேஸ் டிராக் ட்ரெயினிங் போய்ட்டு வந்த நம்ம ஊர்ப் பசங்ககிட்ட பேசுனா, எல்லாரும் சாயுறதைப் பத்தியேதான் சொல்றாங்க. முழங்கால் ஸ்லைடர் (முட்டியில மாட்டுற பிளாஸ்டிக் கட்டை) தரையில உரசுன போட்டோவை மட்டும் காட்டுறாங்க. அதுக்கு முந்தி, ஸ்ட்ரெயிட்டு முடிஞ்சு பிரேக் பிடிக்கிற அந்த நேரத்துல இடுப்பு எங்க, முட்டி எங்க, கை எப்படின்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. பார்த்தது, படிச்சுக்கிட்டது, பெரியவங்க சொல்லிக் கேட்டது எதுனாலும் எழுதுங்க. ஒரே கண்டிஷன்: ரிங் ரோட்டுலயும் நத்தம் ரோடு பறக்கும் பாலத்துலயும் பண்ண சாகசத்தை இங்க கொண்டு வராதீங்க. டிராக் சோலி மட்டும்.

திருநகர் டீச்சர்:
நான் கோயம்புத்தூர் செட்டிபாளையம் கரி டிராக்கில் பயிற்சி எடுத்தவள். அது மொத்தமே 2.1 கிலோமீட்டர்தான். நேர் பாதை சின்னது, மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். அதனால் பிரேக் பிடிக்கத் தெரியாதவர் அங்கே ஒரு சுற்றிலேயே மாட்டிக்கொள்வார்.

முதல் நாள் காலையில் வண்டியையே ஓட்டவிடவில்லை. ஸ்டாண்டில் நிறுத்திய பைக்கில் என்னை ஏற்றி உட்காரவைத்து, பயிற்சியாளர் பின்னால் நின்றுகொண்டு முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார். "மேடம், நீங்க முன்னாடி நகரக் கூடாது. ஆனா ஹேண்டில் பாரை ஊணவும் கூடாது" என்றார். அப்புறம் எப்படித்தான் நிற்பது? தொடையாலும் முட்டியாலும் டேங்கை இறுக்க வேண்டும், வயிற்றை உள்ளே பிடிக்க வேண்டும். அவர் தள்ளத் தள்ள, இன்னொருவர் என் முழங்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். கை தளர்வாக ஆடினால் பாஸ். விறைத்து நின்றால் மறுபடி முதலிலிருந்து. மத்தியானம் சாப்பிட உட்காரும்போது தொடை தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது.

அடுத்து அவர் சொன்ன வரிசைதான் எனக்குப் புதிது. அதுவரை பிரேக், அப்புறம் இடுப்பை நகர்த்துவது, அப்புறம் சாய்ப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அவர் முதலிரண்டையும் இடம் மாற்றிவிட்டார். நேர் பாதையில் ஆக்சிலரேட்டர் திறந்திருக்கும்போதே, வளைவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஒரு பாதிப் பிட்டத்தை நகர்த்தி உட்கார்ந்துவிட வேண்டும். தலையும் தோளும் இன்னும் நடுவிலேயே இருக்கும். வெளிப்பக்க முட்டி டேங்கின் பள்ளத்தில் பூட்டுப் போட்டாற்போல. உள்பக்கக் காலின் முன்பாதம் பெக்கில், அதாவது கால் வைக்கும் கட்டையில். இதெல்லாம் முடிந்த பிறகுதான் பிரேக். கடைசியில் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வண்டியைச் சாய்க்கும்போது தோளும் தலையும் உள்ளே இறங்கும். முட்டியும் அப்போதுதான் திறக்கும்.

காரணம் சுலபம். பிரேக் பிடித்த பிறகு பின்சக்கரத்தில் பாரம் அதிகம் இருக்காது. அந்த நேரத்தில் சீட்டில் இங்கிட்டும் அங்கிட்டும் நகர்ந்தால் வண்டி ஆடும். ஆட்டத்தை அடக்கக் கை ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொள்ளும். அதோடு திருப்பவே முடியாது.

ஒத்தக்கடை ஒர்க்ஷாப்:
டீச்சரம்மா சொன்னது நூத்துக்கு நூறு. நான் ஓட்டுறவன் இல்ல, ரேஸ் பசங்க வண்டியைப் பிரிச்சு மாட்டுறவன். ஆளைப் பார்க்காமலே அவன் எப்படி பிரேக் பிடிக்கிறான்னு வண்டியை வச்சுச் சொல்லிருவேன். டேங்குக்கு ரெண்டு பக்கமும் முட்டி படுற இடம் பளபளன்னு தேஞ்சிருந்தா நல்ல பய. டேங்குக்குப் பின்முனை, சீட்டு ஆரம்பிக்கிற இடத்துல மட்டும் கீறல் இருந்தா, பிரேக் பிடிக்கிறப்பெல்லாம் சறுக்கி டேங்குல போய் இடிக்கிறான்னு அர்த்தம். எங்க இடிக்கும்னு விளக்கத் தேவையில்ல.

ஆர்15, ஆர்ஆர்310 மாதிரி வண்டியில சீட்டே முன்னாடி சரிஞ்சுதான் இருக்கும். அதனால பக்கத்துல சொரசொரப்பான டேங்க் பேட் ஒட்டிக்கச் சொல்லுவேன். பயலுக பேட்டை டேங்குக்கு நடுவுல ஸ்டிக்கரா ஒட்டிட்டு வர்றாங்க. அது பெல்ட்டு பக்கிள் கீறாம இருக்கத்தான் உதவும். முட்டிக்குப் பக்கவாட்டுல வேணும்.

இன்னொண்ணு. சிலர் முன்பிரேக்கைப் படக்குன்னு அமுக்குறாங்க. ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்குற ஸ்பிரிங் குழாய்) அடிமட்டம் வரைக்கும் போய் இடிச்சு நிக்கும். அதுக்கப்புறம் ரோட்டுல இருக்குற மேடு பள்ளத்தை டயர்தான் தாங்கணும், டயரு குதிக்கும். பால் கறக்குற கை மாதிரி முதல்ல இதமா எடுத்து, பாரம் முன்னால இறங்குனதும் அழுத்தணும். இறங்குன ஃபோர்க்கு ஒரு நல்லதும் பண்ணும்: ஃபோர்க் சாஞ்சிருக்குற கோணம் குறைஞ்சு வண்டி வெரசாத் திரும்பும். அதுக்காகத்தான் வளைவுக்குள்ள வரைக்கும் கொஞ்சம் பிரேக்கை வச்சுட்டே போறது.

பைபாஸ் ஆர்15:
அண்ணே, அக்கா, எல்லாம் சரி. மோட்டோஜிபி-ல, அதான் உலக பைக் ரேஸ்ல, பிரேக் பிடிக்கிறப்ப உள்பக்கக் காலைப் பெக்கிலருந்து எடுத்துத் தொங்கவிடுறாங்களே, ரோஸி ஸ்டைல். அதை யாருமே சொல்லல? நான் ட்ரை பண்ணலாம்னு இருக்கேன் 😎

திருநகர் டீச்சர்:
தம்பி, எங்கள் பயிற்சியில் அதற்குத் தடை. காலை எடுத்தால் டேங்கைப் பிடிக்க ஒரு முட்டிதான் மிச்சம். முதலில் இரண்டு முட்டியாலும் பிடிக்கப் பழகுங்கள்.

சிம்மக்கல் பழசு:
தம்பி, அந்தக் கால் சமாச்சாரம் ஊரெல்லாம் பேச்சானது 2005இல் ஸ்பெயினின் ஹெரெஸ் ரேஸில். கடைசிச் சுற்று, கடைசி வளைவு. ரோஸி உள்ளே புகுந்து ஜிபர்னாவோடு உரசி ஜெயித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகத் தொங்கவிட ஆரம்பித்தார்கள். ஏன் என்று கேட்டால், காற்றை வாங்குகிறது, உடல் பாரம் உள்பக்கம் போகிறது, பின்சக்கரம் தூக்குவது தெரிகிறது என்று ஓட்டுபவர்களே ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்.

நீ ஒன்றை யோசித்தாயா? வலது வளைவில் வலது காலை எடுத்தால் பின்பிரேக்கை யார் பிடிப்பது? அவர்களில் பலருக்கு இடது கைக் கட்டைவிரலில் பின்பிரேக் உண்டு. 1992இல் நெதர்லாந்தின் அசென் டிராக்கில் விழுந்து கால் நொறுங்கிய மிக் டூஹன், அதற்குப் பிறகுதான் கட்டைவிரல் பிரேக் வைத்துக்கொண்டு ஓட்டி, 1994 முதல் 1998 வரை தொடர்ந்து உலகச் சாம்பியன் ஆனார். உன் ஆர்15இல் அது இல்லை.

நான் சோழவரம் காலத்து ஆள். பாண்டியன் எக்ஸ்பிரஸில் மெட்ராஸ் போய், அங்கிருந்து பஸ் பிடித்துப் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்ப்போம். முட்டியைத் தரையில் வைக்கிற பேச்செல்லாம் எங்கள் ஆட்களிடம் ரொம்பப் பின்னால்தான் வந்தது. ராஜ்தூத் 350 எவ்வளவு வேகமான வண்டி! ஆனால் இங்கே விற்ற வண்டிக்கு முன்சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். சூடேறினால் பிடிமானம் குறைந்துவிடும். அதனால் சீக்கிரமே ஆரம்பித்து, நீளமாகப் பிடிப்பார்கள். டேங்கில் தாடையை வைத்துப் படுத்து வந்தவர்கள், பிரேக் பிடிக்கும் இடத்தில் சட்டென்று நிமிர்ந்து உட்காருவார்கள். சட்டை காற்றில் படபடக்கும். அன்றைக்கும் நல்ல ஓட்டக்காரனின் முழங்கை மடிந்துதான் இருக்கும்.

நாகமலை கணக்கு:
நிமிர்ந்து உட்கார்வது பற்றி ஒரு சின்னக் கணக்கு. போர் அடித்தால் தாண்டிப் போங்கள்.

வண்டி 140 கிலோ, ஆள் 70, மொத்தம் 210. நிற்கும்போது முன் 105, பின் 105 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அச்சுக்கும் நடுவே 1.35 மீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.6 மீட்டர். நொடிக்கு மணிக்கு 28 கிலோமீட்டர் வேகம் குறையும்படி பிடித்தால் அது கிட்டத்தட்ட 0.8 ஜி, அதாவது புவியீர்ப்பில் 0.8 பங்கு. முன்னால் இடம்மாறும் பாரம் 0.8 × 210 × 0.6 ÷ 1.35, ஏறக்குறைய 75 கிலோ. முன்சக்கரத்தில் 180, பின்சக்கரத்தில் வெறும் 30. டீச்சர் சொன்ன ஆட்டம் ஏன் வருகிறது என்று இப்போது தெரியும். கூடவே, ஓட்டுபவரின் உடம்பை 56 கிலோ விசை முன்னால் தள்ளும். முட்டி தாங்காவிட்டால் அந்த 56 கிலோ மணிக்கட்டில் வந்து உட்காரும்.

இப்போது இடுப்பை 10 சென்டிமீட்டர் பின்னால் தள்ளி உட்காருங்கள். பின்சக்கரத்துக்கு 5 கிலோ திரும்பக் கிடைக்கும். சின்ன எண்தான், ஆனால் 30இல் ஆறில் ஒரு பங்கு. அதே சமயம் விறைப்பாக நிமிர்ந்து, ஈர்ப்பு மையம் 4 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டால் கிட்டத்தட்ட அதே 5 கிலோ மறுபடி முன்னால் போய்விடும். கிடைத்ததும் போனதும் சரி.

அப்படியானால் மோட்டோஜிபியில் ஏன் நிமிர்கிறார்கள்? காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 80இல் இருப்பதைவிட 240இல் ஒன்பது மடங்கு. இத்தாலியின் முஜெல்லோ டிராக்கில் 2023இல் பிராட் பின்டர் 366.1 கி.மீ. தொட்டார். அந்த வேகத்தில் மார்பே ஒரு பிரேக். நம் 200 சிசி வண்டியின் வேகத்தில் அந்த லாபம் சொற்பம். தலையைத் தூக்கி வளைவைப் பார்க்கிற அளவுக்கு நிமிர்ந்தால் போதும் என்பது என் கட்சி.

சிம்மக்கல் பழசு:
கணக்கு வாத்தியாரே, சோழவரத்தில் சட்டை படபடத்ததை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன் 😄

நாகமலை கணக்கு:
ஐயா, படபடத்திருக்கும். டிரம் பிரேக்குக்கு அந்தக் கொஞ்சமும் வேண்டியிருந்திருக்கும்.

தெப்பக்குளம் என்ஃபீல்டு:
2023 செப்டம்பரில் மோட்டோஜிபி பார்க்க டெல்லி பக்கம் புத் சர்க்யூட் போயிருந்தேன். பெசெக்கி ஜெயித்த ரேஸ். வெயில் தாங்காமல் சுற்றுகளையே 21ஆகக் குறைத்தார்கள். நம்ம ஊர் கத்திரி வெயிலுக்குப் பழகிய எனக்கே தலை கிறுகிறுத்தது. டிவியில் தெரியாத ஒன்று அங்கே தெரிந்தது. நீண்ட நேர் பாதை முடியும் இடத்தில் அத்தனை பேரும் ஒரே இடத்தில் நிமிர்கிறார்கள், காலைத் தொங்கவிடுகிறார்கள், பின்சக்கரம் இடமும் வலமும் நெளிகிறது. இவ்வளவு நடக்கும்போதும் ஹெல்மெட் மட்டும் அசையாது. பார்வை முழுக்க வளைவுக்குள்.

மேலூர் மார்ஷல்:
நான் இருங்காட்டுக்கோட்டை டிராக்குல கொடி பிடிச்சு நின்ன ஆளு. 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. ஒரே வளைவுல நாள் பூரா நின்னா, வர்றவன் எப்படிப் போவான்னு பிரேக் பிடிக்கிற இடத்துலயே தெரிஞ்சிரும். முழங்கை நீட்டி விறைச்சிருந்தா கொடியைத் தயாரா எடுத்து வச்சுக்குவேன். அந்த ஆளு வண்டியைத் திருப்பவே மாட்டான். நேராப் போய் மண்ணுல இறங்குவான். தலை குனிஞ்சு முன்சக்கரத்தைப் பார்த்துட்டு வர்றவனும் அதே கேஸ்தான்.

ஒரு ரேஸை மறக்க முடியாது. பேரு வேணாம். ரெண்டு பேரு சுத்துக்குச் சுத்து ஒட்டிக்கிட்டே வந்தாங்க. ஒருத்தன் எப்பவும் லேட்டா பிரேக் பிடிப்பான், பின்சக்கரம் தூக்கும், கூட்டம் கத்தும். இன்னொருத்தன் கொஞ்சம் முந்தியே பிடிப்பான். ஆனா இடுப்பு ஏற்கனவே உள்பக்கம் உட்கார்ந்திருக்கும், வண்டி ஆடவே ஆடாது. அதனால பிரேக்கையும் அவன்தான் முதல்ல விட ஆரம்பிப்பான். லேட்டா பிடிச்சவன் நடு வளைவுல இன்னும் வண்டியை அடக்கிட்டு இருக்குறப்ப, இவன் ஆக்சிலரேட்டரைத் திறந்து வெளிய போயிருவான். பக்கத்துல நின்ன சீனியர் மார்ஷல் சொன்னாரு: "எங்க பிடிக்கிறான்னு பார்க்காத, எங்க விடுறான்னு பாரு." அன்னைலருந்து நான் லீவர் விரலைத்தான் பார்க்குறேன்.

பைபாஸ் ஆர்15:
சரிண்ணே, கால் ஐடியா கேன்சல் 🙏 ட்ரெயினிங்குக்குப் பேர் குடுத்துட்டேன். சிறுமலைல 18 கொண்டை ஊசி இருக்கே, அதுக்கு முந்தி அங்க போய் கொஞ்சம் பழகிட்டுப் போகலாமா?

காளவாசல் ஆர்டிஆர்:
முதல் பதிவுல போட்ட கண்டிஷனைப் படி தம்பி. திருப்பத்துக்கு அங்கிட்டு பலாப்பழ வேன் ஏறி வரும், பஸ் இறங்கி வரும். வளைவுக்குள்ள பிரேக்கை வச்சுட்டு இறங்குறது ரன்-ஆஃப் (தப்புனா ஓடி நிக்க டிராக் ஓரத்துல விட்ட காலி இடம்) இருக்குற இடத்துல பண்ணுற வேலை. வீட்டுலயே ஸ்டாண்டு போட்டு டீச்சர் சொன்ன முட்டிப் பயிற்சியை எடு. பின்னாடி தள்ள உன் தம்பி இருக்கான்ல.

பைபாஸ் ஆர்15:
அவன் சந்தோஷமா தள்ளுவான். ஒர்க்ஷாப் அண்ணே, பிரேக் லீவர் எனக்கு உயரமா இருக்குற மாதிரி இருக்கு. ட்ரெயினிங்குக்கு முந்தி இறக்கி வைக்கணுமா?

ஒத்தக்கடை ஒர்க்ஷாப்:
அளவு சொல்ல முடியாது, ஆளுக்கு ஆள் மாறும். வண்டியில ரேஸ் ஓட்டுற மாதிரி பின்னாடி தள்ளி உட்காரு, முழங்கையை மடக்கு, ரெண்டு விரலை லீவர்ல வை. முழங்கைலருந்து விரல் நுனி வரைக்கும் ஒரே கோடா இருக்கணும், மணிக்கட்டு மேலயோ கீழயோ ஒடியக் கூடாது. நிமிர்ந்து டீக்கடைக்குப் போற மாதிரி உட்கார்ந்து அளந்தா தப்பாத்தான் வரும். லீவர் கிளாம்ப் போல்ட்டை ரொம்ப முறுக்கிராத, விழுந்தா லீவர் சுத்தணும், ஒடியக் கூடாது. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள கொண்டு வா, வச்சுத் தர்றேன். டேங்க் பேட்டும் வாங்கிட்டு வந்துரு, பக்கவாட்டுல ஒட்டுறது.