டாவி: தொடை வழி, மார்பு வழி, குறை வழியிலா நோயாளியிலா?

கயல்: கதீட்டர் என்ற மெல்லிய குழாயை உடலுக்குள் செலுத்தி இதயத்தின் பெருந்தமனி வால்வை மாற்றும் டாவியில், மார்பு வழியாகச் செய்துகொண்டவர்கள்தான் அதிகம் இறக்கிறார்கள், அதனால் அந்த வழியையே கைவிட வேண்டும் என்று மாறன் எழுதியிருந்தார். என்னால் ஏற்க முடியாது. மார்பைத் திறப்பது யாருக்கு? தொடைத் தமனியில் சுண்ணாம்பு படிந்து குறுகிப்போனவர்களுக்கு. காலில் அந்த நிலை என்றால் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிற குழாய்கள் மட்டும் சுத்தமாகவா இருக்கும்? நோய் முற்றியவர்களையெல்லாம் ஒரு பக்கம் சேர்த்துவிட்டு வழியைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

மாறன்: வெறும் பதிவேடுகளை, அதாவது வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் தொகுத்த விவரங்களை, வைத்துப் பேசினால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் பார்ட்னர் 2 ஆய்வில் 2032 பேரை, தொடை வழி முடியுமா முடியாதா என்று முதலில் பிரித்துவிட்டு, அப்புறம்தான் டாவியா திறந்த அறுவையா என்று குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். அதாவது மார்பு வழிப் பிரிவில் டாவி பெற்றவர்கள், அறுவை செய்துகொண்டவர்கள் இரு தரப்புமே தொடை வழி முடியாதவர்கள்தான். அந்தப் பிரிவில் ஐந்தாண்டில் மரணம் அல்லது முடக்கும் பக்கவாதம் கண்டவர்கள் டாவியில் 59.3%, அறுவையில் 48.3%. தொடை வழிப் பிரிவில் டாவியில் 44.5%, அறுவையில் 42.0%, பெரிய வித்தியாசமில்லை. மார்பு வழியில் விலா எலும்புகளுக்கு நடுவே கீறி, துடித்துக்கொண்டிருக்கிற இதயத்தின் முனையில் துளையிட்டு, முடிந்ததும் அந்தத் தசையைச் சுருக்குத் தையல் போட்டு இழுத்து மூடுகிறார்கள். எண்பது வயதுக்காரருக்கு அது சின்னக் காயமா?

இளவேனில்: அறுவை செய்துகொண்டவர்களை மட்டும் பாருங்கள். ஒரு பிரிவில் 42, இன்னொன்றில் 48.3. கயல் சொல்கிற நோயின் பாரம் அங்கே தெரிகிறது. ஆனால் டாவிக்கும் அறுவைக்கும் இடையே மிஞ்சுகிற 11 புள்ளிகளை அது விளக்காது.

கயல்: மார்பு வழிப் பிரிவில் இருந்தது 482 பேர்தான். அதிலும் இதய முனை வழியும் நேரே பெருந்தமனி வழியும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன, வால்வும் பழைய தலைமுறை. முனையில் போட்ட துளைதான் காரணம் என்று அதிலிருந்து எப்படிச் சொல்வீர்கள்?

மாறன்: துளை மட்டுமே என்று நான் சொல்லவில்லை, டாவிக்காக மார்பைத் திறப்பதே வேண்டாம் என்கிறேன். வால்வைத் தமனிக்குள் கொண்டுபோகும் உறைக்குழாயின் பருமனைப் பிரெஞ்சு என்ற அளவில் சொல்வார்கள். ஆரம்பத்தில் 24 பிரெஞ்சு உறை, உள்விட்டமே 8 மி.மீ. இப்போது 14 பிரெஞ்சு, விரியாத நிலையில் 5 மி.மீ.க்கும் குறைவு. அன்று மார்பைத் திறக்க வேண்டியிருந்த பலருக்கு இன்று தொடை வழியே போதும். அதுவும் முடியாதவர்களுக்குக் கழுத்துத் தமனி, காறை எலும்புக்குக் கீழே உள்ள தமனி இருக்கின்றன.

கயல்: கழுத்து வழியைப் பரிந்துரைக்கும்போது இதே குலுக்கல் ஆதாரத்தை அதற்கும் கேளுங்கள். பதிவேட்டு எண்களை அங்கே மட்டும் ஏற்காதீர்கள்.